அம்பாசடர் 1489: இன்ஜினை இறக்காமல் ஹெட்டு வேலை

பழைய அம்பாசடரில் கொஞ்சம் புகை வந்தாலும், தண்ணீர் குறைந்தாலும், பட்டறையில் முதலில் வரும் பதில், "இன்ஜினை இறக்கிப் பார்த்துருவோம்ணே." பத்தில் எட்டு வண்டிக்கு அது தேவையில்லை. 1959-லிருந்து இந்த வண்டியில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் வகை. பானட்டைத் தூக்கினால் இரண்டு பக்கமும் கையை விட்டு வேலை பார்க்க இடம் இருக்கிறது. ஹெட்டு (சிலிண்டர்களின் மேல் மூடி), வால்வு, டேப்பட் (கேம் ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் துண்டு), டைமிங் செயின், வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) எல்லாவற்றையும் இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துவிடலாம். சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) கழற்றினால் பிக் எண்ட் பேரிங்கும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) கைக்கு எட்டும். கிராங்க் கிரைண்டிங்குக்கும் போர் (சிலிண்டர் உள்சுவர்) வேலைக்கும் மட்டும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங் அடியில் நாலு சொட்டு ஆயில் சொட்டுகிறது என்பதற்காக இன்ஜினை இறக்காதீர்கள். இந்தக் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரைதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நாலு பிளக்கும் வெளியே. ஆக்ஸிலரேட்டரை ஒருவர் முழுக்க மிதித்திருக்க, ஸ்டார்டரில் ஆறேழு சுற்று. எத்தனை பவுண்டு காட்டுகிறது என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எத்தனை வித்தியாசம் என்பதுதான் முக்கியம். 20 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு உண்டு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அதிலும் 2, 3 என்றால் சந்தேகமே வேண்டாம். அந்த இரண்டு சிலிண்டரின் எக்ஸாஸ்டும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வெளியே போகிறது, ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான்.

கேஸ்கட் போனதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த இன்ஜினில் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழ் விடாமல் வரும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். ஒரு பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெள்ளையாக வரும். வத்தலக்குண்டு வரை நன்றாகப் போய், காட்ரோடு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிற வண்டிக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. போர் சீக்கிரம் தேயும். சந்தேகமாக இருந்தால் அதைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிப்பதற்கு முன் திறந்துகொண்டால் அது நல்ல பீஸ்.

கயிறு போட்டு வால்வு ஸ்பிரிங் மாற்றலாமா?

ஹெட்டைக் கழற்றாமலே பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றி வால்வை முட்டுக் கொடுத்துக்கொண்டு ஸ்பிரிங் மாற்றும் வித்தை ஒன்று உண்டு. பல இன்ஜின்களில் அது அருமையான வழி. இந்த இன்ஜினில் அது வேலைக்கு ஆகாது. ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகளைத் தாங்கும் தண்டை) பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் பிடித்திருக்கிற நட்டுகள். ஹெட்டுக்கு மொத்தம் 11 நட்டு. ஏழு வெளியே இருக்கிறது, நாலு ராக்கர் பிராக்கெட்டின் மேல். ராக்கருக்காக அந்த நாலை மட்டும் தளர்த்தினால், மறுபக்கம் ஏழும் இறுக்கிப் பிடித்திருக்க, ஹெட்டு கோணிக்கொள்ளும். கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீர் சிலிண்டருக்கும் சம்ப்புக்கும் இறங்கிவிடும்.

ஆகவே ராக்கரில் கை வைப்பதானால் தண்ணீரை வடித்துவிட்டு, 11 நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தே தளர்த்த வேண்டும். தளர்த்திய பழைய கேஸ்கட் திரும்ப இறுக்கினால் பெரும்பாலும் பிடிக்காது. இத்தனை தூரம் வந்தபின் ஹெட்டைத் தூக்கிவிடுவதுதான் லாபம்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஹெட் கேஸ்கட் செட், மேனிஃபோல்டு கேஸ்கட், ராக்கர் மூடிக்குக் கார்க், வால்வுத் தண்டு ரப்பர் ரிங் 8, லேப்பிங் பேஸ்ட் ஒரு டப்பா, ரேடியேட்டர் ஹோஸ் மேலும் கீழும், கூலண்ட், இன்ஜின் ஆயில் சுமார் 4 லிட்டர், ஃபில்டர். மேனிஃபோல்டு நட்டுகளைப் பித்தளையில் வாங்குங்கள், அடுத்த முறை கழற்றும்போது உங்களையே வாழ்த்துவீர்கள். ஸ்பேனர் இன்ச் அளவில் ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) செட்டாக இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தும் பழக்கத்தால்தான் பாதி வண்டிகளில் நட்டு உருண்டையாகிக் கிடக்கிறது. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். அது இல்லையென்றால் இரவல் வாங்கியாவது வாருங்கள். அதுவரை ஹெட்டைத் தொட வேண்டாம்.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே மேனிஃபோல்டு நட்டுகளுக்கும் சைலன்சர் குழாய் இணைப்புக்கும் துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்துவிடுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பிக்கலாம். சூடான ஹெட்டைக் கழற்றவே கூடாது.

பேட்டரி எர்த்தை எடுங்கள். தண்ணீரை ரேடியேட்டர் அடியிலிருந்து மட்டும் வடித்தால் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் குழாயையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்துங்கள். இதைத் தவறவிட்டால் ஹெட்டைத் தூக்கும்போது மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஊற்றும்.

ஏர் கிளீனர், கார்புரேட்டர் கம்பிகள், பெட்ரோல் டியூப், மேல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பிளக் ஒயர்கள், சைலன்சர் குழாய் இணைப்பு, மேனிஃபோல்டு எடுக்க வேண்டும். டெம்பரேச்சர் மீட்டருக்கு மெல்லிய செப்புக் குழாய் போகும் பழைய வண்டியாக இருந்தால் அதை மடக்காமல் அதன் முனையில் இருக்கும் சூடு அறியும் பல்பை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். மடங்கினால் மீட்டர் போச்சு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டாம். அதற்கும் ஹெட்டுக்கும் சம்பந்தமில்லை. தொட்டால் டைமிங் வேறு பார்க்க வேண்டி வரும்.

ராக்கர் மூடியை எடுத்தபின் 11 நட்டையும் ஒவ்வொன்றாக அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து தளர்த்துங்கள். ராக்கர் பிராக்கெட்டின் சிறிய நாலு நட்டும் அதே வரிசையில். ராக்கர் ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்துவிடும். பிராக்கெட் அடியில் மெல்லிய தகடு இருந்தால் எந்தப் பிராக்கெட்டுக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புஷ் ராடை (டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் நடுவில் நிற்கும் கம்பியை) எடுப்பதில் ஒரு நுணுக்கம். ஆயில் பிடிப்பில் அது டேப்பட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சடாரென்று இழுத்தால் டேப்பட்டும் கூடவே தன் குழியிலிருந்து கிளம்பிச் சாய்ந்துவிடும். அப்புறம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உட்கார வைக்க வேண்டும். விரலால் ராடை ஒரு திருகுத் திருகி, லேசாக ஆட்டி, பிடி விட்டதும் மேலே எடுங்கள். ஒரு அட்டைப்பெட்டி மூடியில் 8 ஓட்டை போட்டு, முன்பக்கம் எது என்று எழுதி, வரிசையாகக் குத்தி வையுங்கள். எந்த ராடு எந்த டேப்பட்டில் ஓடித் தேய்ந்ததோ அதிலேயேதான் திரும்பப் போக வேண்டும்.

இனி ஹெட்டு. ஒட்டிக்கொண்டு வராது. ஸ்குரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பினால் கேஸ்கட் உட்காரும் முகத்தில் கீறல் விழும். ஒரு கீறல் போதும், புதுக் கேஸ்கட்டும் கசியும். பிளக் நாலையும் மாட்டியபடியே வைத்துக்கொண்டு ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைச் சுற்றுங்கள். கம்ப்ரஷனே ஹெட்டைக் கிளப்பிவிடும். அதற்கும் மசியாவிட்டால் பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு ஹெட்டு, நல்ல கனம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஸ்டட்டுகளின் நேருக்கு மேலே நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் ஸ்டட்டில் சிக்கிக்கொள்ளும்.

ஹெட்டு எடுத்த இடத்தில்

பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். நனைத்துக்கொண்டு சுரண்டி எடுத்து, கவரில் கட்டிப் போடுங்கள்.

1, 4 பிஸ்டன்களை மேலே கொண்டுவந்து, 2, 3 சிலிண்டர்களிலும் புஷ் ராடு ஓட்டைகளிலும் தண்ணீர் வழிகளிலும் வேஸ்ட் துணியைத் திணியுங்கள். பிஸ்டன் விளிம்புக்கும் போருக்கும் இடையே கிரீஸ் பூசினால் கரித்தூள் உள்ளே போகாது. மரச் சீவுளி அல்லது பித்தளைப் பட்டையால் மட்டும் சுரண்டுங்கள், அலுமினியப் பிஸ்டனில் இரும்பு பட்டால் கோடு விழும். ஓரத்தில் கால் இன்ச் அகலக் கரி வளையத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வயசான இன்ஜினில் ஆயில் மேலே வராமல் கொஞ்சம் தடுப்பது அதுதான். பளபளவென்று முழுக்கத் துலக்கிய பிஸ்டன், அடுத்த வாரமே நீலப் புகை விடும்.

ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பல தடவை அளவுக்கு மீறி இறுக்கிய பிளாக்கில் மரையைச் சுற்றி உலோகம் மேலே எழும்பி மெல்லிய மேடு தட்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அந்த மேட்டின் மேல் எந்தக் கேஸ்கட்டும் பிடிக்காது. ஸ்டட்டைக் கழற்றி, ஓட்டையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகி விளிம்பை லேசாகச் சாய்த்துவிட்டால் போதும். கேஸ்கட் மாற்றி மாற்றி மூன்று மாதத்துக்கொரு தடவை போகிற வண்டிகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். பழி மட்டும் கேஸ்கட் கம்பெனிக்குப் போகும்.

அடுத்தது தண்ணீர் வழி. மதுரையைச் சுற்றி போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய இன்ஜினில், பின்னால் நாலாவது சிலிண்டரைச் சுற்றி உப்பும் சேறும் கெட்டியாகப் படிந்திருக்கும். தண்ணீர் முன்பக்கத்திலிருந்து வருவதால் கசடெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. ஹெட்டு இல்லாத இந்த நேரத்தில்தான் வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் கிண்டி, பிளாக் குழாயையும் கழற்றி வைத்துக்கொண்டு ஹோஸ் தண்ணீரால் அடித்துக் கழுவ முடியும். இதைச் செய்யாமல் மூடினால் புதுக் கேஸ்கட்டும் ஒரு சித்திரை வெயிலைத் தாண்டாது. இனி ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ கூலண்டுடன் கலந்து ஊற்றுங்கள்.

ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை நெடுக்கிலும் குறுக்குமறுக்காகவும் வைத்து ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. இலை நுழையாவிட்டால் அப்படியே போடலாம். 0.1 மி.மீ. நுழைந்தால் லேத்துப் பட்டறையில் ஃபேசிங் போட வேண்டும். சமமாகும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், "இருக்கட்டும்ணே, நல்லா எடுத்துர்றேன்" என்றால் விடாதீர்கள். 2, 3-க்கு நடுவில் இருக்கும் இரண்டு எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

வால்வுகள்

வால்வு வரிசை முன்னாலிருந்து எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட். பின்பாதியும் அதே மாதிரி. சீட்டின் கோணம் 45 டிகிரி. எரிந்து ஓரம் தின்னப்பட்ட வால்வைப் பேஸ்ட் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பது வீண். புதுசு வாங்கிச் சீட்டைக் கட்டிங் போட்டுவிடுங்கள். நல்ல வால்வுக்கு முதலில் கரடுப் பேஸ்ட், பிறகு நைஸ். உறிஞ்சுக் கட்டையை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மத்து கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டி, நாலைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். முதலில் கரகரவென்று வரும் சத்தம் மெல்ல அடங்கும். துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். பிறகு பேஸ்ட் ஒரு துளி இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மாட்டி முடித்ததும் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரியறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துப் போர்ட் வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும்.

தண்டு ரப்பர் ரிங்கை ஆயிலில் ஊறவைத்து, பூட்டுக் காடியின் அடியில் உட்கார வையுங்கள். காய்ந்த ரிங் மாட்டும்போதே முறுக்கிக்கொண்டு கிழியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் நீலப் புகை வந்து நின்றுவிடும் வண்டிக்கு இந்த ரிங்கும் கைடும் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தான் காரணம், பிஸ்டன் ரிங் இல்லை.

2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முன் வந்த ஹெட்டுகளின் எக்ஸாஸ்ட் சீட் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாத பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓடினால் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும். டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் இடம்) தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது. ஹெட்டு லேத்தில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் நாலுக்கும் கெட்டி சீட் அடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இந்தச் செலவு அவசியமில்லை. அதைவிட, இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் மாற்றுவது அவசரம். பழைய ரப்பர் உப்பி, கசிந்து, சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டும்.

பக்கத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை

மேனிஃபோல்டு கழன்றிருப்பதால் டேப்பட் பக்கவாட்டு மூடிகள் இரண்டும் கைக்கு நேரே இருக்கும். கார்க் மாற்ற இதைவிட நல்ல நேரம் வராது. டேப்பட்டுகளை மூடி வழியாகவே எடுத்து அடிமுகத்தைப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், கேம் ஷாஃப்டைத் தொட வேண்டியதில்லை. மூடியின் நடு போல்ட்டை இறுக்கி இறுக்கியே தகட்டை வளைத்துவிடுகிறார்கள், அப்புறம் எந்தக் கார்க்கும் நிற்காது. கை இறுக்கத்துக்கு மேல் ஒரு கால் சுற்று, அவ்வளவுதான்.

பிக் எண்ட் சத்தமும் இருந்தால் சம்ப்பை இறக்கலாம். மண் தரையில் ஜாக்கி புதையும். அடியில் தடித்த பலகை போட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே போங்கள். கேப் ஒவ்வொன்றிலும் நம்பர் பார்த்து, வந்த பக்கமே திரும்பப் போடுங்கள். இறுக்கம் 35 அடி-பவுண்டு, அதாவது 47 நியூட்டன் மீட்டர். பூட்டுத் தகடு புதுசு. கிராங்க் ஜர்னலில் (பேரிங் பிடிக்கும் உருளைப் பகுதியில்) நகம் தட்டும் கோடு இருந்தால் புது ஷெல் போட்டுப் பயனில்லை. அங்கே இன்ஜின் இறங்கத்தான் வேண்டும்.

மூடுதல்

ஹெட் கேஸ்கட்டில் முன்பக்கம், மேல்பக்கம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். செப்புப் பக்கம் மேலே வர வேண்டும். இரண்டு முகமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஹெட்டை இறக்கி, வெளி நட்டு ஏழையும் விரலால் மட்டும் ஏற்றி, புஷ் ராடுகளை அதனதன் இடத்தில் விட்டு, டேப்பட் ஸ்குரூ எட்டையும் நன்றாகத் தளர்த்தியபின் ராக்கரை வையுங்கள். ஸ்குரூவைத் தளர்த்தாமல் இறுக்கினால் ராடு வளையும். ஒவ்வொரு ராடும் ராக்கர் பந்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரமும் மாறி மாறி வெளியே போகும் வரிசையில், முதல் சுற்று 15, இரண்டாவது 30, கடைசி 40 அடி-பவுண்டு. கடைசி அளவு 54 நியூட்டன் மீட்டர். ராக்கரின் சிறிய நட்டு 25 அடி-பவுண்டு, 34 நியூட்டன் மீட்டர். மரைகளில் ஒரு சொட்டு ஆயில் விட்டிருங்கள், துருவேறிய மரை டார்க் ரெஞ்சுக்குப் பொய் சொல்லும்.

டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.015 இன்ச், 0.38 மி.மீ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யுங்கள்; ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இலை லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கூடவே நகரும், இறுக்கியபின் மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பிளக் இல்லாமல் ஸ்டார்டரில் சுற்றி ராக்கருக்கு ஆயில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபின் பிளக்கை மாட்டுங்கள், இடைவெளி 0.025 இன்ச். ஸ்டார்ட் ஆனதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்துக் காற்று வெளியேறும் வரை தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு அழகர் கோயில் சாலை நல்லது: மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர், நிதானமாக ஓட்டலாம். டெம்பரேச்சர் ஊசி ஏறாமல் இருந்தால் பழமுதிர்சோலை மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். கேஸ்கட் குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். திரும்பி வந்து ஒரு ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில் அதே வரிசையில் ஒவ்வொரு நட்டாக இம்மி தளர்த்தி 40-க்கு இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. இறுகும்போது ஹெட்டு ஒரு மயிரிழை கீழே இறங்கும், டேப்பட் இடைவெளியும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் இரண்டு தடவையும் எட்டு வால்வையும் மறுபடி அளந்துவிட்டே மூடியை மாட்டுங்கள்.